ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன்சக்கரம் தத்துகிறது, பிரேக் அலறுகிறது, பேட்டரி படுக்கிறது: கோளாறா, வண்டியின் குணமா?

புதுச்சாவி:

வணக்கம் நண்பர்களே. நடுவில் எஞ்சின் வைத்த இரண்டு சீட் கார். இரட்டை டர்போ, டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், பின்சக்கர இழுவை, நான்கு சக்கரத்திலும் கார்பன் செராமிக் பிரேக். இன்னொருவர் வைத்திருந்த வண்டியைத்தான் வாங்கினேன். சர்வீஸ் புத்தகம் சுத்தமாக இருக்கிறது, ஓடிய கிலோமீட்டரும் மிகக் குறைவு.

நல்ல சாலையில் ஓட்டும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்றாவது கியரில் டர்போ பிடித்து இழுக்கிற இழுப்புக்காகவே வாங்கியது, அது அப்படியே கிடைக்கிறது. தொல்லையெல்லாம் மெதுவாகப் போகும்போதுதான்.

காலையில் எடுத்து, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ரிவர்ஸ் போனால் முன்பக்கம் டக் டக்கென்று தத்துகிறது. சஸ்பென்ஷனில் ஏதோ கழன்று விட்டது போலச் சத்தம், ஸ்டியரிங்கிலும் உதறல். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்து அதே இடத்தில் திருப்பினால் பாதிகூட இல்லை.

பிரேக்: கழுவிய பிறகோ மழையிலோ முதல் தடவை மிதித்தால் ஒரு கணம் எதுவும் நடக்காமல், அப்புறம்தான் பிடிக்கிறது. சிக்னலில் நிற்கப் போகும்போது ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அலறல். நெரிசலில் ஊர்ந்தால் கியர்பாக்ஸ் குலுக்கிக் குலுக்கிப் போகிறது. சில வாரம் எடுக்காமல் விட்டால் பேட்டரி காலி.

விற்றவர்களைக் கேட்டால் "இந்த மாதிரி வண்டி எல்லாமே இப்படித்தான் சார்" என்கிறார்கள். நான்கு கேள்விக்கும் அதே பதில். அதுதான் உறுத்துகிறது.

இன்னொன்று, இது என் கற்பனையாகக்கூட இருக்கலாம்: ஈரச் சாலையில் வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் கொஞ்சம் நேராகவே போகப் பார்க்கிறது.

வளைவுக்காரன்:

முதல் விஷயத்துக்குப் பயப்படாதீர்கள். வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகிறது. இரண்டுக்கும் ஒரே கோணம் கொடுத்தால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் உள்சக்கரத்தைக் கூடுதலாகத் திருப்பும் அமைப்புக்கு அக்கர்மன் ஸ்டியரிங் என்று பெயர். ருடால்ஃப் அக்கர்மன் 1818-இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பேர் அவருக்குப் போனாலும் யோசனை மியூனிக்கில் வண்டி கட்டிய லாங்கன்ஸ்பெர்கர் என்பவருடையது. குதிரை வண்டிக்காக யோசித்தது!

ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் கணக்கை வேகமான வளைவை மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள். முழு ஒடிப்பில் அது ஒத்து வராது. அதோடு அகலமான டயர், விறைப்பான சைடுவால் (டயரின் பக்கச்சுவர்), குளிர்ந்த ரப்பர். டயர் தரையைப் பிடிக்கும், முறுகும், பட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். உங்கள் டக் டக் அதுதான். சூடானதும் குறைகிறது என்பதே சாட்சி. கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கெட்டிப்பட்டு விடும், அப்போது இன்னும் மோசமாக இருக்கும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்காமல் கொஞ்சம் தளர்த்தி, ஒருமுறைக்கு இரண்டு முறையாக எடுத்துத் திருப்புங்கள். நின்ற இடத்திலேயே ஒடிக்க வேண்டாம்.

கிரீஸ்கை:

வளைவுக்காரன் சொன்னது சரி. ஆனால் அதோடு கேஸை மூடிவிட வேண்டாம். கடைசியில் "கற்பனையாக இருக்கலாம்" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதல் கேள்வி. முன் டயர் எந்த வருஷத்தது?

சைடுவாலில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. முழு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், பல வண்டிகளில் அது உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படியே டயரின் உள்விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்து "பட்டன் (டயரின் வரிக்கட்டை) நன்றாக இருக்கிறது" என்று முடிவு பண்ணாதீர்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த மாதிரிப் பின்சக்கர இழுவை வண்டிகளில் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். ஓனர் அதை மட்டும் மாற்றுவார். முன் டயரில் பட்டன் இருக்கும், அதனால் அது வண்டியோடு வந்ததே கடைசி வரை ஓடும். குறைவாக ஓடிய வண்டி என்று வாங்குகிறவர்களிடம் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஓடாத டயருக்கும் வயசாகும். பழைய ரப்பர் கெட்டிப்பட்டால் முழு ஒடிப்பில் தத்துவதும் கூடும், ஈரத்தில் பிடியும் போகும். இரண்டுக்கும் ஒரே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஞாயிறுஓட்டி:

இவ்வளவு அவஸ்தைக்கு ஒரு நல்ல ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சின்ன ஹேட்ச்பேக் கார், வாங்கியிருக்கலாமே ப்ரோ. நான்கு பேர் உட்காரலாம், சாமானும் ஏற்றலாம்.

செராமிக்சித்தப்பா:

ஞாயிறு தம்பி, அந்த மூன்றாவது கியர் இழுப்பை ஒரு தடவை அனுபவித்துவிட்டு வந்து எழுதவும்.

புதுச்சாவிக்கு பிரேக் பற்றி. சக்கரத்தோடு சுழலும் இந்த பிரேக் வட்டு இரும்பு இல்லை, கார்பன் இழை சேர்த்த சிலிக்கன் கார்பைடு. எடை இரும்பு வட்டில் ஏறக்குறைய பாதி. 2001-இல் போர்ஷே 911 ஜிடி2-வில் ஸ்டாண்டர்டாகவே வந்தபோது பலரும் ரேஸ் கார் பிரேக் என்று கொண்டாடினார்கள். அலறலும் அன்றே கூட வந்துவிட்டது. வட்டின் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால் முதல் மிதியில் பேடு (வட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) அதைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். மழையில் நீண்ட நேரம் பிரேக் தொடாமல் போனால் நடுநடுவே லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். கழுவியதும் நேராகக் கொண்டுபோய் நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

அலறலுக்குப் பெரும்பாலும் காரணம் மெதுவாகவே ஓட்டுவது. பேடின் முகம் வழவழப்பாகிவிடும். ஆளில்லாத, பாதுகாப்பான சாலையில், நல்ல வேகத்திலிருந்து அழுத்தமாக வேகத்தைக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிச் சில தடவை செய்தால் அடங்கும். எத்தனை தடவை, எந்த வேகம் என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். முடித்த கையோடு பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள், ஆறும்வரை ஓட்டுங்கள். அப்படியும் கொஞ்சம் சத்தம் இருக்கும். அதற்கு மருந்து கிடையாது.

இந்த வட்டின் தேய்மானத்தை வெறும் தடிமனை வைத்துச் சொல்ல முடியாது. எடை போட்டோ அதற்கென உள்ள கருவியை வைத்தோ பார்ப்பார்கள். குறைந்தபட்ச எடை வட்டின் நடுப்பகுதியிலேயே பொறித்திருக்கும். வட்டின் ஓரத்தில் செதில் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கவலைப்பட வேண்டியது.

கராஜ்பூனை:

பேட்டரி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். கணினிகளெல்லாம் தூங்கிய பிறகும் வண்டி கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம் என்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி 25 நாளில் போய்விடும். ஆக சில வாரம் நின்றால் படுப்பது அதிசயமில்லை. சில நாளிலேயே படுத்தால்தான் கோளாறு. அப்படியானால் பழைய ஓனர் மாட்டிய டேஷ்கேம், டிராக்கர் ஏதாவது ஒயரோடு தொங்குகிறதா என்று தேடுங்கள். கீலெஸ் சாவியை வண்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சில வண்டிகள் தூங்கவே தூங்காது.

நிற்கும் வண்டியின் பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், ஆனால் முதலில் உங்கள் பேட்டரி ஏஜிஎம்மா (ஈய பேட்டரியில் ஒரு வகை) லித்தியமா என்று லேபிளைப் பாருங்கள். ஈயத் தகட்டில் சேரும் படிவை நீக்க ஈய பேட்டரிக்கென்று சார்ஜரில் இருக்கும் டீசல்ஃபேஷன் முறையை லித்தியத்தில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும். இன்னொன்று, முன்டிக்கிக்குள் பேட்டரி இருக்கிற வண்டியாக இருந்து, அந்த டிக்கி கரண்டில்தான் திறக்கும் என்றால், பேட்டரி செத்த பிறகு திறக்க என்ன வழி என்பதை இன்றைக்கே படித்து வையுங்கள். போர்ஷே 911-இன் சில தலைமுறைகளில் கால் வைக்கும் இடத்து ஃபியூஸ் பெட்டியிலிருந்து வெளியே இழுக்கிற ஒரு முனை இருக்கும், அதில் வெளிக் கரண்ட் கொடுத்தால் பூட்டு திறக்கும். மூடியிருக்கிற டிக்கிக்கு முன்னால் நின்றுகொண்டு போனில் கையேடு தேடுவது நரகம்.

வளைவுக்காரன்:

கியர்பாக்ஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. டூயல் கிளட்ச்சில் ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. அடுத்து எது வேண்டும் என்று ஊகித்து முன்கூட்டியே போட்டு வைக்கும். ஊர்ந்து போகும்போது உங்கள் கால் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அதன் ஊகம் தப்பும், குலுக்கும். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால் நைசாக நகரும். இங்கே அந்த நகர்வெல்லாம் கிளட்ச் வழுக்குவதால் வருவது. முன்னால் இடைவெளி விட்டு, சேர்ந்ததும் ஒரே மூச்சில் நகருங்கள், மேனுவல் மோடில் முதல் கியரிலேயே வையுங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது, கிளட்ச் கொதித்துவிடும். சூடான பிறகும் சீராகப் போகாமல் குலுக்கினால் கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்து, ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுச்சாவி:

எல்லோருக்கும் நன்றி. கிரீஸ்கை அண்ணா, நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். பின் டயர் இரண்டும் புதிது. முன் டயர் இரண்டும் எட்டு வயசைத் தாண்டியவை. வெளியே பட்டன் பளிச்சென்று இருக்கிறது. உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வரியே இல்லை, மொழுமொழுவென்று இருக்கிறது. வரிகளுக்கு நடுவே தலைமுடி அளவுக்கு மெல்லிய விரிசல் வேறு. நிமிர்ந்து நிற்கும்போது இதில் ஒன்றுகூடத் தெரியாது.

பேட்டரி ஏஜிஎம். சார்ஜர் மாட்டியாயிற்று. ஒயர் எதுவும் தொங்கவில்லை.

கிரீஸ்கை:

அப்படியானால் மழையில் எடுக்காதீர்கள். டயர் மாற்றும்வரை வேகமும் வேண்டாம். டயர் கம்பெனியான மிஷெலின் ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் சோதிக்கச் சொல்கிறது, எவ்வளவு பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்தில் கழற்றிவிடச் சொல்கிறது. இந்த வேகத்தில் போகிற வண்டிக்கு நான் அவ்வளவு காத்திருக்க மாட்டேன். பின்னால் புது ரப்பர், முன்னால் கல் மாதிரி ரப்பர் என்றால் ஈரத்தில் முன்பக்கம் நேராகப் போகாமல் என்ன செய்யும்?

புது டயர் போட்டால் மட்டும் போதாது. உள்விளிம்பு தேய்ந்ததற்கு எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தை, திட்டுவார்கள். உள்பக்கம் சாய்ந்த சக்கரம் கொஞ்சம் உள்ளே தேயும்தான், ஆனால் இந்த அளவுக்கு மழித்தது பெரும்பாலும் டோ கோணமாக, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமாக, இருக்கும். சக்கரம் லேசாக வெளியே பார்த்துக்கொண்டு ஓடினால் டயர் முழு நேரமும் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். புது டயர் போட்ட அன்றே நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் (இந்தக் கோணங்களை அளந்து சரிசெய்வது) பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கையில் வாங்குங்கள்.

டயர் வாங்கும்போது அளவு மட்டும் பார்க்காமல் சைடுவால் குறியையும் பாருங்கள். போர்ஷேக்கு என்0, என்1, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஃபெராரிக்கு கே1, மெக்லாரனுக்கு எம்சி என்று அந்தந்த வண்டிக்காகச் சோதித்த டயருக்குத் தனிக் குறி உண்டு. பின்னால் இருக்கிறதும் அதே மாடலா என்று பாருங்கள். ரேஸ் டிராக்குக்குப் போகாதவருக்கு மிஷெலின் கப் 2 மாதிரி செமி ஸ்லிக் (வரி குறைவான, ரேஸ் டயருக்கு நெருங்கிய டயர்) எதற்கு? அதன் ட்ரெட்வேர் எண் (கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும்) 180, அதே கம்பெனியின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300. தண்ணீர் தேங்கிய சாலையில் இரண்டாவதுதான் நிம்மதி.

செராமிக்சித்தப்பா:

சக்கரம் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். சக்கரத்துக்கு நட்டு இல்லாமல் போல்ட் போடுகிற வண்டியென்றால் போல்ட் துளையில் இரண்டு வழிகாட்டி ஊசி மாட்டித்தான் சக்கரத்தை இழுக்க வேண்டும். இல்லையென்றால் கனமான சக்கரம் சறுக்கி வட்டின் ஓரத்தில் இடித்துச் செதில் பெயர்த்துவிடும். டயர்க் கடைப் பையன்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. ஊசி இல்லை என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

புதுச்சாவி:

முன் டயர் இரண்டும் மாற்றியாயிற்று, பின்னால் இருக்கும் அதே மாடல், அதே குறி. ஊசி போட்டுத்தான் கழற்றினார்கள். அலைன்மென்ட் தாளில் முன்னால் இரண்டு சக்கரமும் அளவுக்கு மேல் வெளியே பார்த்திருந்தது, இப்போது சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். காலையில் முழு ஒடிப்பில் தத்துவது இன்னும் இருக்கிறது, ஆனால் பழைய சத்தத்தில் கால்வாசி. பிரேக்குக்கு சித்தப்பா சொன்னதைச் செய்தேன், அலறல் குறைந்து முனகலாகிவிட்டது. மழைக்கு இன்னும் எடுக்கவில்லை. எப்போது எடுக்கலாம்?

கிரீஸ்கை:

புது டயரின் மேல்தோலில் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுக்கல் இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் காய்ந்த சாலையில் நிதானமாக ஓட்டுங்கள். அதன் பிறகு காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள்.