ஸ்டூல் கொடுத்தார்கள், உட்கார விட்டார்களா?

பாலக்கோட்டுக்காரி:
தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். 2021-இல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றார்களே, அதன்பிறகு எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. ஆடித் தள்ளுபடி சமயம். என்னோடு நின்ற அக்காவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். கூட்டம் சற்று ஓய்ந்ததும் உட்கார்ந்தார், ஆள் வந்ததும் எழுந்தார். திரும்பிப் பார்த்தால் ஸ்டூலின்மேல் ஒரு சேலைக் கட்டு. சூப்பர்வைசர் வாயே திறக்கவில்லை, வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மறுநாள் எல்லா ஸ்டூலிலும் கட்டு. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஓசூர் ஷிப்ட்:
உங்களுக்கு ஸ்டூலாவது வந்தது. நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது, எங்கள் லைனில் அதைக் கண்டவர் இல்லை. கழிப்பறைக்குப் போவதென்றால் ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நைட் ஷிப்டில் எனக்கு எதிரே இருந்த பெண் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே மறு கையால் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தார். ரிலீவர் வேறு லைனில். கன்வேயர் நிற்கவில்லை. 12 மணி நேர வேலை மசோதாவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். சந்தோஷம். காவேரிப்பட்டினத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தைக் கூட்டினால், எங்களுக்கு அது எப்போதோ வந்துவிட்டது.

பர்கூர் வாசகன்:
இருவருமே தூசி இல்லாத இடத்திலிருந்து பேசுகிறீர்கள். என் அப்பா கிரானைட் பட்டறையில் இருந்தார். தட்டின் முன் உட்கார்ந்தால், இருமி முடித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

கல் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்று நம்பாதீர்கள், நுண்ணிய சிலிக்கா தூசி அதற்கு நிற்காது. கல் அறுக்கும்போதும் துளை போடும்போதும் தண்ணீர் ஓட வேண்டும், மோட்டார் பழுது என்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டரிடம் போனால் இருமலை மட்டும் சொல்லாமல் என்ன வேலை, எவ்வளவு காலம் என்பதையும் சொல்லுங்கள். சிலிக்கோசிஸை, அதாவது இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயை, காசநோய் என்று நினைத்து மருந்து கொடுப்பது நடக்கிற கதைதான். நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாது. சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய், டாக்டர் தயங்கினால் நீங்களே நினைவூட்டுங்கள். எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீடு கேட்கும்போது அவைதான் சாட்சி.

பாலக்கோட்டுக்காரி:
அண்ணா, அப்பாவைப் பற்றி இரண்டு வரி, எங்களுக்குப் புத்திமதி ஒரு பக்கமா? தூசி பெரிதா, கால்வலி பெரிதா என்று போட்டி வைக்க நான் எழுதவில்லை. அந்த அக்கா வேலையை விட்டுவிட்டார், இப்போது சீசனில் மாங்கூழ் ஆலைக்குப் போகிறார். அங்கேயும் நின்றபடிதான். ஓசூர்க்காரரே, ரிலீவர் வந்தாரா இல்லையா? அதைச் சொல்லாமல் மசோதாவுக்குத் தாவிவிட்டீர்கள்.

ஓசூர் ஷிப்ட்:
வந்தார், டீ இடைவேளைக்குச் சற்று முன்பு. அந்தப் பெண் அன்றிலிருந்து ஷிப்டுக்கு வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டில் லாக்கரிலேயே இருக்கும். நீர்க்கடுப்பு என்று இதற்குள் இரண்டு முறை லீவு போட்டுவிட்டார், அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள்.