அதிகாரக் கட்டுப்பாடா, பெயர் வரையறையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நூலகவியல் பாடநூலின் தமிழ் வடிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஆளோ பொருளோ பல பெயரில் வந்தாலும் நூற்பட்டியில் (நூலகத்தின் நூல் பட்டியலில்) ஒரே தலைப்பில் நிறுத்தி, மற்றவற்றிலிருந்து வழிகாட்டும் வேலை 'அத்தாரிட்டி கண்ட்ரோல்'. அதற்கு வரைவில் 'அதிகாரக் கட்டுப்பாடு' என்று இருக்கிறது. ஏதோ அரசியல் பாடம் போலத் தொனிக்கிறது. நூற்பட்டியை அட்டைகளில் எழுதிய காலத்தில் இந்தச் சொல்லே தேவைப்படவில்லை. 7.5 × 12.5 செ.மீ. அட்டையில் 'விருத்தாசலம், சொ. காண்க: புதுமைப்பித்தன்' என்று எழுதவைப்போம், எழுதும்போதே விளங்கிவிடும். இன்று மார்க் 21 என்ற கணினிப் பதிவு வடிவத்தில், ஆளின் ஏற்றுக்கொண்ட பெயர் 100-ஆம் புலம் (பதிவின் எண்ணிட்ட கட்டம்), மற்றவை 400-ஆம் புலம். மாணவர் எண்ணைத்தான் பார்க்கிறார். காரணத்தைச் சொல்ல நல்ல சொல் வேண்டும்.
(நூலகவியல் ஆசிரியர்)

ஐயா, 'அதிகாரம்' வடசொல். 'நிலைபெயர்' என்று வையுங்கள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.
(தமிழாசிரியர், ஓய்வு)

புலவரே, நிலைபெயர்தல் என்றால் இடம்விட்டு நகர்தல்! நேர் எதிர்ப்பொருள் அல்லவா? தொல்காப்பியத்தின் மூன்று பகுதிகளுக்கும் அதிகாரம் என்றே பெயர். உரையாசிரியர்கள் அதற்கு 'முறைமை' என்று பொருள் சொல்கிறார்கள். 'பெயர்முறைமை' ஆகலாம்.
(மொழிபெயர்ப்பாளர்)

இலக்கணம் இருக்கட்டும், வேலையைப் பாருங்கள். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. முன்னெழுத்து ஊரும் தந்தையும். அதனால்தான் 1934-இல் நூற்பட்டி விதிகளை வெளியிட்ட நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், தனிப்பெயரை முன்வைத்து முன்னெழுத்தை அடைப்புக்குறிக்குள் பின்னுக்குத் தள்ளினார்: ரங்கநாதன் (சீ. இரா.). இன்னொன்று. ஒருவருக்குப் பல பெயர் என்பது பாதிச் சிக்கல்தான். அதியமானைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி ஔவையாரும் ஒருவரல்லர். பெயர் ஒன்று, ஆள் வேறு. சேர்ப்பதும் பிரிப்பதும் இதே வேலை. 'பெயர் வரையறை' இரண்டுக்கும் இடம் தருகிறது. கவுண்டரில் நிற்கும் வாசகருக்கும் புரியும்.
(பொது நூலகர்)

நேரமில்லை. நூலகர் சொன்ன 'பெயர் வரையறை' எளிதாகப் புரிகிறது, அதையே இடுகிறேன்.
(நூலகவியல் ஆசிரியர்)

நான் உடன்படவில்லை. பொருள் தலைப்புகளையும் நூல்வரிசைப் பெயர்களையும் இதே கோப்பில்தான் ஒழுங்குபடுத்துகிறோம். 'தென்னை', 'தெங்கு' என்று இரு தலைப்புகள் வந்தால் ஒன்றைத் தேர்ந்து மற்றதிலிருந்து வழிகாட்டுவதும் இந்தப் பாடமே. ஆளின் பெயரென்று மாணவர் குறுக்கிக்கொள்வார். 'பெயர்' வேண்டாம், 'பதிவு முறைமை' என்றாவது அடிக்குறிப்பில் சேருங்கள்.
(மொழிபெயர்ப்பாளர்)