புதுப்பிப்பு: எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்ற ஓஎஸ்பிஎஃப் சரியாகிவிட்டது

உதவியவர்களுக்கு நன்றி. முன்பு கேட்டது இதுதான்: தலைமை அலுவலகத்திலும் கிளையிலும் உள்ள இரண்டு சிஸ்கோ ரௌட்டர்களுக்கு நடுவே ஜிஆர்இ டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் இணைப்பு). பிங் போகிறது, ஆனால் ஓஎஸ்பிஎஃப் (ரௌட்டர்கள் வழித்தகவலைப் பரிமாறும் நெறிமுறை) எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையைத் தாண்டவில்லை.

'இரு முனையிலும் எம்டியுவை ஒப்பிட்டுப் பாருங்கள்' என்றவர் சொன்னதே சரி (எம்டியு: ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்). தலைமை அலுவலகத்தில் 1400, கிளையில் வேறு. கிளையின் டனலில் 'ஐபி எம்டியு 1400' கொடுத்ததும் நெய்பர் ஃபுல் ஆகிவிட்டது, அதாவது இரு ரௌட்டர்களும் முழுமையாக இணைந்துவிட்டன. எம்டியு வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் 'எம்டியு இக்னோர்' கொடுத்தாலும் எழுந்திருக்கும்தான். ஆனால் அது நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை போடுவது, அதனால் தொடவில்லை.

எதிர்பாராதது இனிமேல்தான். எங்கள் ஆவணத்தில் இரு முனைக்கும் 1400 என்றே இருந்தது. எண் சரி, இடம் தப்பு. கிளைக்கான பக்கத்தில் 'ஐபி எம்டியு 1400' வரி 'இன்டர்ஃபேஸ் டனல் 0'க்கு ஒரு வரி மேலே இருந்தது. இப்படிப்பட்ட கட்டளை, மேலே கடைசியாகச் சொன்ன இன்டர்ஃபேஸுக்கே சேரும். அப்படியே காப்பி செய்து ஒட்டியதில், அதற்கு முந்தைய கிகாபிட் இன்டர்ஃபேஸில் போய் உட்கார்ந்துவிட்டது. ரௌட்டரும் பிழை எதுவும் காட்டவில்லை. அந்தக் கட்டளை அங்கேயும் செல்லுமே!

கிகாபிட்டில் 'நோ ஐபி எம்டியு' கொடுத்து நீக்கினேன். அப்புறம் மாற்றங்களைச் சேமிக்க 'ரைட் மெமரி'. ஆவணத்தில் வரியை இறக்கி வைத்தாயிற்று. கூடவே விட்டுப்போயிருந்த டிசிபி எம்எஸ்எஸ் 1360ஐயும் சேர்த்தேன் (ஒரு பாக்கெட்டில் டேட்டாவுக்கான உச்ச அளவு; 1400இல் ஐபி, டிசிபி ஹெடர்களுக்கு 40 போக மீதி). இன்னொரு கிளைக்கும் இதே பக்கத்திலிருந்துதான் ஒட்டியிருக்கிறோம். நாளைக்கு அங்கே பார்க்க வேண்டும்.