காமெட் தேடல்: 32 கோர் இருந்தும் ஏன் இந்த மந்தம்?

கேள்வி

காமெட்டில், அதாவது நிறை நிறமாலைகளைப் புரதத் தரவுத்தளத்துடன் ஒப்பிட்டுப் பெப்டைடுகளை (புரதத் துண்டுகளை) அடையாளம் காணும் மென்பொருளில், தேடுகிறேன். மொத்தம் 24 எம்இசட்எம்எல் (நிறை நிறமாலைத் தரவு) கோப்புகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60,000 எம்எஸ்2 நிறமாலைகள் (பெப்டைடை உடைத்து எடுத்தவை). மனிதப் புரதங்களின் ஃபாஸ்டா (புரத வரிசைகளின் தரவுத்தளக் கோப்பு), கூடவே அதே அளவு டிகாய் (பிழையை அளக்கச் சேர்க்கும் போலி வரிசைகள்). துண்டயனித் தொட்டியின் (நிறை அச்சைப் பிரிக்கும் சிறு கட்டத்தின்) அகலம் 0.02 டால்டன். 32 கோர், 128 ஜிபி ரேம் உள்ள ஒரே கணினி. ஒரு கோப்பைத் தனியாக ஓட்டினால் 11 நிமிடம். 24-ஐயும் ஒன்றாக ஏவினால் ஆறு மணி நேரம் கழித்தும் முடியவில்லை. வரிசையாக ஓட்டியிருந்தாலே நாலரை மணியில் முடிந்திருக்கும். ஃபாஸ்டாவை 8 துண்டாக வெட்டிப் பிரித்து ஓட்டினால் வேகம் கூடுமா? மெத்தியோனின் ஆக்சிஜனேற்றமும் எஸ், டி, ஒய் (செரின், திரியோனின், டைரோசின்) மீது பாஸ்போவும் (பாஸ்பேட் சேர்வதும்) மாறும் மாற்றங்களாக (இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) உள்ளன.

மறுமொழி 1

த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) எண்ணிக்கையை 0 என்று விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் காமெட் கண்ணில் படும் கோர் அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். 24 ஓட்டம், தலைக்கு 32 த்ரெட்: 32 கோருக்கு 768 த்ரெட் முட்டிமோதுகின்றன. ஆனால் உண்மையான அடி ரேமில் விழுந்திருக்கும். 0.02 அகலத்தில் 2,000 டால்டன் வரைக்குமே ஒரு நிறமாலைக்கு 1,00,000 தொட்டிகள்; 1.0005 அகலத்தில் இது 2,000-க்குள் அடங்கிவிடும். அதற்காக அகலத்தைக் கூட்டிவிடாதீர்கள், உயர் பிரிதிறன் தரவு வீணாகும்.

நான்கு கோப்புகள் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் 8 த்ரெட் என்று தொடங்குங்கள். ஓடும்போது விஎம்ஸ்டாட்டில் (லினக்ஸின் நினைவகக் கண்காணிப்புக் கட்டளை) எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பாருங்கள். அங்கே எண்கள் குதித்தால் ஸ்வாப் (ரேம் போதாமல் வட்டுக்குத் தள்ளுவது) நடக்கிறது. ஓட்டங்களை மூன்றாகக் குறையுங்கள். ஒரே தடவையில் ஏற்றும் நிறமாலைத் தொகுதியின் அளவை 15,000 போல வைத்தால் ரேம் கட்டுக்குள் நிற்கும். ரொம்பவும் சின்னதாக்கினால் வேறு தொல்லை: ஒவ்வொரு தொகுதிக்கும் ஃபாஸ்டா முழுவதையும் மறுபடி பெப்டைடுகளாக வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2

ஃபாஸ்டாவை வெட்டாதீர்கள். ஒரு நிறமாலையின் விடை இன்னொரு நிறமாலையைச் சார்ந்ததல்ல, ஆகவே நிறமாலைகளை எப்படிப் பிரித்தாலும் ஸ்கோர் மாறாது. தரவுத்தளத்தைப் பிரித்தால் மாறும். டெல்டா சிஎன் (முதல், இரண்டாம் விடைகளின் ஸ்கோர் இடைவெளி) கணக்கிட இரண்டாவது சிறந்த பெப்டைடு வேண்டும். அது வேறொரு துண்டில் கிடந்தால் வித்தியாசம் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். ஒரு நிறமாலைக்குக் கிடைக்கும் எல்லா ஸ்கோர்களின் பரவலிலிருந்து வருவது ஈ-மதிப்பு (இந்த அளவு ஸ்கோர் தற்செயலாக எத்தனை முறை வரும் என்ற எதிர்பார்ப்பு) என்பதால் அதுவும் நகரும்.

இன்னொன்று, பலரும் சறுக்கும் இடம்: துண்டு துண்டாக 1% எஃப்டிஆர் (ஏற்ற விடைகளில் தவறானவற்றின் விகிதம்) வரம்பு போட்டுவிட்டு விடைகளைச் சேர்ப்பது. டார்கெட்டும் (உண்மையான வரிசைகளும்) டிகாயும் ஒரே நிறமாலைக்காகப் போட்டியிட்ட பிறகுதான் எஃப்டிஆர் பொருள்படும். கோப்புகளைப் பிரித்து ஓட்டினாலும், ஒரே சோதனையைச் சேர்ந்தவை என்றால் விடைகளை ஒன்றாக்கிப் பெர்கொலேட்டருக்கு (விடைகளை மறுமதிப்பிட்டு எஃப்டிஆர் கணக்கிடும் மென்பொருள்) ஒரே முறை கொடுங்கள். ஸ்கேன் எண்கள் (நிறமாலைகளின் வரிசை எண்கள்) கோப்புக்குக் கோப்பு ஒன்றுபோல வரும், எனவே கோப்புப் பெயரையும் சேர்த்தே அடையாளம் வையுங்கள்.

மறுமொழி 3

கோர்களைத் தொடும் முன் தேடல் பரப்பைக் குறையுங்கள். மூன்று மெத்தியோனினும் நான்கு செரினும் உள்ள பெப்டைடு ஆக்சிஜனேற்றம் மட்டும் என்றால் 8 வடிவம், பாஸ்போவும் சேர்ந்தால் 128. பாஸ்போ செறிவூட்டாத (பாஸ்போ பெப்டைடுகளைத் தனியே பிரித்தெடுக்காத) மாதிரிக்கு அது எதற்கு? செறிவூட்டியது என்றால் ஒரு பெப்டைடுக்கு அதிகபட்சம் 3 மாற்றம் என்று வரம்பு வையுங்கள்.

8 த்ரெட் ஏன், 32 ஏன் இல்லை என்றால், ஆம்டால் விதி: பிரிக்க முடியாத தொடர்வேலை மொத்த வேகத்துக்கு வரம்பு போட்டுவிடும். கோப்பு படிப்பது, விடை எழுதுவது போன்ற தொடர்வேலை 10% என்று வைத்துக்கொண்டால் 32 கோரில் வேகம் 7.8 மடங்குதான், 8 கோரிலேயே 4.7 கிடைத்துவிடும். மிச்ச கோர்களை அடுத்த கோப்புக்குக் கொடுப்பதே லாபம்.

கேட்டவர்

பாஸ்போ செறிவூட்டல் இல்லை, எடுத்துவிடுகிறேன். இதையே ஸ்லர்ம் (வேலைகளைப் பங்கிடும் மென்பொருள்) ஓடும் கிளஸ்டருக்குக் (கணினித் தொகுப்புக்கு) கொண்டுபோனால்?

மறுமொழி 1

1 முதல் 24 வரை ஜாப் அர்ரே (ஒரே வேலையின் எண்ணிட்ட பிரதிகள், கோப்புக்கு ஒன்று), டாஸ்க் ஒன்றுக்கு 8 கோர். த்ரெட் எண்ணிக்கையை 8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். 0 விட்டால், கேட்டது 8 கோராக இருந்தும் நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினியில்) உள்ள எல்லா கோருக்கும் த்ரெட் தொடங்கி அந்த எட்டுக்குள்ளேயே நெரியக்கூடும். எம்இசட்எம்எல்லையும் ஃபாஸ்டாவையும் நோடின் உள்வட்டுக்கு நகலெடுத்து ஓட்டுங்கள், 24 டாஸ்க்கும் ஒரே பிணைய வட்டை இழுத்தால் கோர்கள் சும்மா காத்திருக்கும். முதலில் ஒரே கோப்பை 1 த்ரெட்டிலும் 8 த்ரெட்டிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். ஒரே நிறையுள்ள ஐசோலூசின், லூசின் மட்டும் மாறிய சம ஸ்கோர் பெப்டைடுகள் இடம் மாறி வரலாம். ஸ்கோரே மாறினால் அமைப்புக் கோப்பு இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள்.