முழங்கால் உயரப் பாத்திக்கு வெப்பமண்டலத் தோற்றம்: எதை நடலாம்?

இலைநிழல்:
குளிர்காலத்தில் மேல்மண் உறைந்துபோகும் என் தோட்டத்தில், நடைபாதையை ஒட்டிய ஒரு பாத்தியை முழங்கால் உயரத்தைத் தாண்டாத செடிகளால் நிரப்ப விரும்புகிறேன். அகன்ற இலைகளும் அடர்த்தியும் சேர்ந்து மழைக்காட்டின் ஓரம் போலத் தோன்ற வேண்டும். பாத்தியில் பாதி நிழல், மீதி பிற்பகல் வெயில். ஆண்டுதோறும் தோண்டியெடுத்துத் திரும்ப நடும் பொறுமை எனக்கில்லை.

மண்வாசகன்:
நிழல் பகுதிக்கு, அகன்ற இலைகளுள்ள பல்லாண்டுச் செடிகளான பெர்ஜீனியாவும் ஹோஸ்டாவும் போதும். பெர்ஜீனியாவின் ஓர் இனம் சைபீரியாவில் இயல்பாக வளர்வது. ஆனால் தோல் போல் தடித்துப் பளபளக்கும் அதன் வட்ட இலையைப் பார்ப்பவர் யாரும் பனிப்பிரதேசத்தை நினைக்க மாட்டார்கள். உயரம் ஏறக்குறைய 30 முதல் 45 செ.மீ. ஹோஸ்டாவுக்கோ குளிர்கால உறக்கம் கட்டாயத் தேவை, ஆகவே உங்கள் குளிர் அதற்குத் தடையல்ல. விளிம்பில் 20 செ.மீ. அளவே வளரும் கருப்பு மோண்டோ புல்லை வைத்தால், அதன் கருமைக்கு முன் மற்ற பச்சைகள் எடுப்பாகத் தெரியும்.

சேம்புக்காடு:
மண்வாசகன் அவர்களே, மன்னிக்கவும், நீங்கள் சொல்வது காட்டின் நகல். ஹோஸ்டா இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி, கூழாகி, மண்ணோடு மறைந்துவிடும். இருக்கும் நாட்களிலும் நத்தைகள் அதைச் சல்லடையாக்கிவிடும். பெர்ஜீனியாவைத் தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கு முட்டைக்கோஸ் பாத்திதான் நினைவுக்கு வருகிறது. சேம்பும் குட்டை ரகக் கல்வாழையும் தரும் செழுமை வேறு. முதல் உறைபனியில் இலை கருகியதும் வெட்டிவிட்டு, கிழங்கை உறையாத இடத்தில் வைக்க ஒரு பிற்பகல் போதுமே!

மண்வாசகன்:
அந்தப் பிற்பகலை வேண்டாம் என்றுதான் கேட்டவர் முதலிலேயே எழுதிவிட்டார். நானும் ஒருமுறை சேம்புக் கிழங்குகளைப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். வசந்தத்தில் ஒன்றை எடுத்து அழுத்தியபோது கட்டைவிரல் அப்படியே உள்ளே இறங்கியது. நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாளாயிற்று. ஈரத்தோடு அடுக்கியது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக வளர்ந்த சேம்பு இடுப்பைத் தாண்டும் என்பதையும், மண் சூடேறும் வரை அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும் என்பதையும் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். மறைந்துபோகும் குற்றம் ஹோஸ்டாவுக்கு மட்டும் உரியதா?

முள்வேலி:
இருவரும் வெயில் பாதியை மறந்துவிட்டீர்கள். அங்கே தரையோடு படரும் சப்பாத்திக்கள்ளி இனம் ஒன்று, ஒப்புன்டியா ஹ்யூமிஃபியூசா, 30 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. குளிர் நெருங்கும்போது தன் உடலிலுள்ள நீரைக் குறைத்துக்கொண்டு சுருங்கித் தரையில் சாய்ந்துவிடுவதால், உள்ளே பனிக்கட்டி உருவாகித் திசுக்கள் கிழிவதிலிருந்து தப்புகிறது. செத்துவிட்டதென்று நினைத்துப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. இத்தகைய செடிகளைக் குளிரைவிடக் குளிர்கால ஈரமே அதிகம் கொல்லும். ஆகவே பருமணலும் சிறுகல்லும் கலந்து, பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிட்டு நடுங்கள். குட்டைப் பனைகளை நாடாதீர்கள். தண்டு மண்ணுக்குள் இருந்தாலும் விசிறிகள் முழங்காலுக்குள் அடங்கா.

சேம்புக்காடு:
கள்ளி பாலைவனத்தை நினைவூட்டுமே தவிரக் காட்டை அல்ல. சேம்பின் உயரத்தைப் பற்றி மண்வாசகன் சொன்னதை ஏற்கிறேன். அதற்குப் பதிலாக நிழலில் குளிர்தாங்கும் பிகோனியாவை, பிகோனியா கிராண்டிஸ் என்ற இனத்தை, முன்வைக்கிறேன். கோணலான இதய வடிவ இலையின் அடிப்புறம் சிவந்திருக்கும். மாலை வெயில் பின்னாலிருந்து பட்டால் இலை முழுவதும் தணல் போல் ஒளிரும். சருகு மூடாக்கு இட்டால் கிழங்கு மண்ணிலேயே குளிரைக் கடக்கும். இலைக் கக்கங்களில் உருவாகும் குறுங்கிழங்குகள் தாமாகவே உதிர்ந்து முளைப்பதால், பாத்தியை நிரப்பும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இலைநிழல்:
அப்படியானால் நிழல் பாதியில் முன்வரிசைக்குப் பெர்ஜீனியா, பின்வரிசைக்குப் பிகோனியா. முட்டைக்கோஸ் ஒப்புமையை மறக்க முயல்கிறேன். மண்ணை உயர்த்திய பிறகு வெயில் ஓரத்தில் கள்ளியை நடுகிறேன். நத்தைகளை எண்ணி ஹோஸ்டாவை விட்டுவிட்டேன்.

மண்வாசகன்:
தடித்த இலையுள்ள ஹோஸ்டா ரகங்களை நத்தைகள் அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒன்றையாவது நட்டுப் பாருங்கள். பெர்ஜீனியாவின் தண்டைக் கழுத்து வரை புதைக்காமல், மண்ணின் மேல்மட்டத்தை ஒட்டியே படுக்க வையுங்கள்.