தொட்டாச்சிணுங்கியா, தொட்டாற்சுருங்கியா?

பெரம்பூர்க்காரன்:
ஆறாவது படிக்கிற என் பொண்ணு கட்டுரையில "என் தம்பி ஒரு தொட்டாச்சிணுங்கி"ன்னு எழுதியிருக்கா. மிஸ் அதைச் சிவப்பு மையில அடிச்சு, மேல "தொட்டாற்சுருங்கி"ன்னு எழுதி அரை மார்க் குறைச்சுட்டாங்க. மயிலாப்பூர்ல 29சி ஏறினதுலேர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினவ திரும்பினவதான். வாங்கிக் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்ல. வீட்டுக்கு வந்ததும் எங்க அம்மா, "தம்பியைச் சொன்னியே, நீ யாருடி?"ன்னாங்க. அவ்வளவுதான், கதவு சாத்தியாச்சு. ரெண்டுல எதுங்க சரி?

தமிழ் டீச்சர் (ரிட்டயர்டு):
ரெண்டுமே சரி. தொட்டால் + சுருங்கி சேரும்போது 'ல்' 'ற்' ஆகும், பல் + பொடி பற்பொடி ஆகிற மாதிரி. பேச்சுல அந்த 'ல்' கழண்டு 'தொட்டா'ன்னு நின்னுடுது. கடைசியில வர்ற 'இ', மரங்கொத்தியில வர்ற அதே 'இ'தான். ஆனா செடி சுருங்கும், எங்கே சிணுங்குது? சிணுங்கறது குழந்தைதானே. தம்பியைப் பத்தி எழுதறப்போ உங்க பொண்ணு போட்டதுதான் பொருத்தம். நானா இருந்தா அடிச்சிருக்க மாட்டேன்.

மாடித்தோட்டம் அம்பத்தூர்:
செடியே நம்மூர்ச் சரக்கு இல்லீங்க, அமெரிக்க வெப்பமண்டலத்துலேர்ந்து வந்தது. 1753-ல லின்னேயஸ் வெச்ச பேரு மிமோசா புடிகா. புடிகான்னா லத்தீன்ல நாணம் உள்ளதுன்னு அர்த்தம். கன்னடத்துலயும் நாச்சிகெ முள்ளு, வெட்க முள். மலையாளத்துல தொட்டாவாடி. நாமதான் அதை அழ வெச்சிருக்கோம்! இலைக்காம்புக்கு அடியில சின்னதா ஒரு புடைப்பு இருக்கும். தொட்டதும் அதுல ஒரு பக்கத்துச் செல்லுங்கள்லேர்ந்து தண்ணி வெளியேறி, அந்தப் பக்கம் தளர்ந்து இலை மடங்கிடும். சில நிமிஷத்துல பழையபடி விரிஞ்சுக்கும். எங்க மாடியில இருக்கறதை என் பேரன் விடாம நோண்டினதுல, இப்போ அது லேசுல மடங்கறதே இல்ல.

குறள் பித்தன்:
இந்தச் செடி வந்து சேர்றதுக்கு முன்னாடி அந்த வேலையை அனிச்சம் பாத்துச்சு. "மோப்பக் குழையும் அனிச்சம்", 90-வது குறள். பூவையாவது மோந்து பாக்கணும், விருந்தாளிக்கு நாம மூஞ்சியைச் சுளிச்சாலே போதுமாம். எங்க மாமனார் வீட்டுல நான் அந்த ரகம்.

பெரம்பூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சரம்மா சொன்னதைப் படிச்சுக் காட்டினேன். "அப்போ நானும் கரெக்ட்டா?"ன்னு கேட்டுட்டு வேர்க்கடலையைப் பிரிச்சா. எங்க அம்மா சும்மா இருக்காம, "அரை மார்க்குக்கா இவ்ளோ?"ன்னாங்க. மறுபடியும் கதவு சாத்தியாச்சு.