நியூட்டன் சோதித்தார், சரி. எந்தக் காசைச் சோதித்தார்?

செப்புப்பித்தன்:
அயர்லாந்தின் வுட் காசு பற்றி நேற்று கணக்குப்பிள்ளை எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "அரசு நாணயச்சாலைத் தலைவர் நியூட்டனே நல்ல செம்பு என்று சான்று கொடுத்த காசை எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் பொய் சொல்லிக் கெடுத்தார், அரசின் மேல் தவறே இல்லை" என்கிறார். ஐயா, 1722இல் அயர்லாந்துக்குச் செப்புக் காசு அடிக்கும் உரிமம் யாருக்குப் போனது? மன்னர் முதலாம் ஜார்ஜின் ஆசைநாயகி கெண்டல் சீமாட்டிக்கு 10,000 பவுண்டு கொடுத்து வில்லியம் வுட் என்ற இரும்பு முதலாளி அதை வாங்கினார். டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 14 ஆண்டுகளில் 360 டன் செம்பைக் காசாக்கலாம். ஒரு ராத்தல் (பவுண்டு எடை) செம்பில் 30 பென்னிக்குக் காசு அடிக்கலாம். இங்கிலாந்துக்கு அடித்தபோதோ ராத்தலுக்கு 23 பென்னிதான். இந்த 7 பென்னி எங்கே போனது?

கணக்குப்பிள்ளை:
கப்பல் கூலி யார் கொடுப்பது? மன்னருக்கு ஆண்டுதோறும் 800 பவுண்டு கட்ட வேண்டியதும் வுட்தான். நான் சொன்னது செம்பின் தரத்தைப் பற்றி. 1724 ஏப்ரலில் நியூட்டன் கொடுத்த அறிக்கை தெளிவாக இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அடித்தபோது காசு வெடிக்காமல் தகடாக விரிந்தது. முந்தைய மன்னர்கள் அயர்லாந்துக்கு அடித்த செப்புக் காசுகளைவிட இது மேல். ஸ்விஃப்ட் துணிக்கடைக்காரர் வேடம் போட்டு எழுதிய கடிதத்தில், ஒரு ஷில்லிங் (12 பென்னி) வுட் காசைக் கன்னானிடம் கொடுத்தால் ஒரு பென்னிதான் தேறும் என்றார். அப்பட்டமான புளுகு.

செப்புப்பித்தன்:
எந்தக் காசைச் சோதித்தார் என்பதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள். 1723 மார்ச் முதல் 1724 மார்ச் வரை அடித்ததிலிருந்து, அடித்த இடத்திலேயே எடுத்து வைத்த காசு. டப்ளின் சந்தையில் கைமாறிய காசு அல்ல. வீட்டை விற்கப் போனவன் மாதிரிக்கு ஒரு செங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போன கதையை ஸ்விஃப்ட் அதற்காகத்தான் சொன்னார். ஒன்றுக்கொன்று எடை ஒத்துவரவில்லை என்று உங்கள் நியூட்டன் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. அந்த வரியை ஏன் விழுங்கினீர்கள்? 30 பென்னி ஐயா, 30.

கணக்குப்பிள்ளை:
தனித்தனியாக ஏறியிறங்கினாலும் மொத்த எடை உரிமத்துக்குக் குறையவில்லை. அடுத்த வரியையும் படியுங்கள். போன மாதம் துக்ளக் மன்னரின் செப்பு நாணயம் பற்றிய விவாதத்திலும் பாதி வரியைத்தான் காட்டினீர்கள்.

வரலாற்று வாசகி:
இருவரும் செம்பையே சுரண்டிக்கொண்டிருக்கிறீர்கள். அயர்லாந்து மக்களுக்குப் பழைய காயம் ஒன்று இருந்தது. 1689இல் இரண்டாம் ஜேம்ஸ் உடைந்த பீரங்கிகளையும் மணிகளையும் உருக்கி ஷில்லிங் அடித்தார். அவர் தோற்றதும் அந்தக் காசு சில்லறைப் பெறுமானத்துக்கு இறக்கப்பட்டது. கையில் வைத்திருந்தவன் ஒரே நாளில் ஓட்டாண்டி ஆனான். அதற்கு 35 ஆண்டு கழித்து மறுபடியும் யாரோ ஒருவர் செம்பைக் கொண்டுவந்தால் யார் நம்புவார்கள்?

கணக்குப்பிள்ளை:
ஜேம்ஸ் செய்ததற்கு வுட் என்ன செய்வார், அம்மா?

செப்புப்பித்தன்:
வாசகி சொல்வது உண்மைதான். ஆனால் அது என் 30 பென்னிக்குப் பதில் ஆகாது.

கீழைக்காற்று:
அயர்லாந்து எதற்கு? நம் சென்னை மாகாணத்துக்கும் செப்புக் காசு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பௌல்டன் என்பவரின் சோஹோ நாணய ஆலையில்தான் அடிக்கப்பட்டது. தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த 1808ஆம் ஆண்டுக் காசு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு புறம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்து. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இருபது காசு. தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை. இந்தக் காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நம்மை யார் கேட்டார்கள்? டச்சுக்காரன் காலத்திலும் யாரும் கேட்கவில்லை. அவனுடைய 'டொய்ட்' காசுதான் நம் வாயில் துட்டு ஆனது.

கணக்குப்பிள்ளை:
சோஹோவில் நீராவி இயந்திரம் அடித்த காசு எடையிலும் வட்டத்திலும் பிசகாது. அதை வுட் காசோடு சேர்க்காதீர்கள்.

தமிழ்வேர்:
துட்டு தூய தமிழ்ச் சொல். எதற்கெடுத்தாலும் வெள்ளைக்காரனுக்குத் தாரை வார்க்காதீர்கள்.

கீழைக்காற்று:
சங்க இலக்கியத்தில் எங்கே வருகிறது? ஓர் அடி காட்டுங்கள்.

தமிழ்வேர்:
பேச்சு வழக்கெல்லாம் ஏட்டில் ஏறியிருக்க வேண்டுமா? எங்கள் ஊரில் பாட்டி காலத்திலிருந்து துட்டுதான்.

கீழைக்காற்று:
பாட்டி காலம் டச்சுக்காரனுக்குப் பிந்தியது.

செப்புப்பித்தன்:
துட்டுக்குத் தனியாக இழை தொடங்கிக்கொள்ளுங்கள். நான் கணக்குப்பிள்ளையை விடப் போவதில்லை. ஸ்விஃப்டின் கடிதத்தை எழுதியவர் யாரென்று காட்டுபவருக்கு அரசு 300 பவுண்டு பரிசு அறிவித்தது. அச்சிட்ட ஹார்டிங் சிறைக்குப் போனார். டப்ளின் முழுவதும் எழுதியவர் யாரென்று தெரியும். காட்டிக்கொடுக்க ஒருவரும் வரவில்லை. வெறும் புளுகுக்காகவா ஓர் ஊரே வாய் மூடி நின்றது?

கணக்குப்பிள்ளை:
ஊர் திரண்டால் செம்பு தகரமாகிவிடுமா? நியூட்டனைவிட உங்களுக்கு உலோகம் தெரியுமென்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

செப்புப்பித்தன்:
நியூட்டனிடம் கேட்ட கேள்வி, காசு உரிமத்தின்படி இருக்கிறதா என்பது. உரிமமே நியாயமா என்று அவரிடம் யார் கேட்டார்கள்? 1725இல் உரிமத்தைத் திரும்பப் பெற்றார்களே, எப்படி? வுட்டுக்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு வீதம் 8 ஆண்டுக்கு நஷ்டஈடு. அதையும் அயர்லாந்தின் கணக்கிலேயே எழுதினார்கள், வேறொருவர் பெயரில். அந்தக் காசைத் தொடவே மாட்டேன் என்றவன் தலையிலேயே அதன் கூலியையும் கட்டினார்கள். அரசின் மேல் தவறே இல்லை என்று இன்னொரு முறை எழுதுங்கள், பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நஷ்டஈடு வேறு, செம்பின் தரம் வேறு. பழுக்கக் காய்ச்சியும் வெடிக்கவில்லை.

செப்புப்பித்தன்:
30 பென்னி.